அழகர் மகன் மெக்கன்சி

வியாழக்கிழமை காலையில் அய்யலூரில் டீ குடிப்பதென்றால் ஆடுகளுக்கு நடுவே நின்றுதான் குடிக்க வேண்டும். சந்தை நாள். விடியும் முன்பே கடவூர்ப் பக்கத்திலிருந்தும் வடமதுரைப் பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்துவிடும். டீக்கடை பெஞ்சில் ஓர் இடம் பிடிப்பதே பெரிய காரியம். போன வாரம் அப்படி இடம் பிடித்து உட்கார்ந்தபோது பக்கத்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவன். டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறவன். மடியில் வரலாற்றுப் புத்தகம்.

“சார், ஒரு சந்தேகம். இதுல காலின் மெக்கன்சின்னு ஒருத்தர் வர்றார். சுவடியெல்லாம் சேர்த்தவராம். எங்க அண்ணன் கனடாவுல வேலை பாக்குறான்ல, அவன் மேனேஜர் பேரும் மெக்கன்சிதான். ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா இருப்பாங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் எதிரே இருந்த பெரியவர் ஒருவர், “ஒரே பட்டம்னா பங்காளியாத்தான் இருப்பாக” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். நில அளவையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். மெக்கன்சி எங்கள் தொழிலுக்கு மூத்தவர். அவரைப் பற்றிக் கேட்டால் சும்மா இருக்க முடியாது. இன்னொரு டீ சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தேன். அன்று பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பிரித்துப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் மலையும் தீவுகளுமாக ஒரு நாடு இருக்கிறது. அங்கே பழைய மொழி ஆங்கிலம் அல்ல, கேலிக். அந்த மொழியில் ‘மக்’ என்றால் மகன். காதில் நம் சொல் மாதிரியே விழுகிறது, ஆனால் அது தற்செயல்தான். மகனுக்குப் பின்னால் வருவது அப்பா பெயர். மெக்கன்சியில் இருக்கும் அப்பாவுக்கு கேலிக்கில் கோஞஹ் என்று பெயர். ஆங்கிலத்தில் அதைக் கென்னத் என்று ஆக்கிக்கொண்டார்கள். கோஞஹ் என்றால் அழகன். நம் பக்கத்தில் அழகர்சாமி, அழகு, அழகன் என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்களே, அந்த மாதிரிப் பெயர்தான். ஆக மெக்கன்சி என்பது ‘அழகர் மகன்’. அவ்வளவே.

ஆண்களுக்கு மக். பெண்களுக்கு? ஆங்கிலத்தில் எழுதும்போது பெண்ணும் மெக்கன்சிதான். கேலிக்கில் பேசும்போது அது பொருந்தாது, பெண்ணைப் போய் மகன் என்று எப்படிச் சொல்வது? அதனால் ‘நிக்’ என்று ஒரு முன்னொட்டு வைத்திருக்கிறார்கள். ‘இன்னாருடைய மகனின் மகள்’ என்பதன் சுருக்கம் அது. இன்றும் கேலிக் பேசும் வீடுகளில் அண்ணன் மக், தங்கை நிக்.

இந்த இடத்தில் தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டான். “கோஞஹ்ங்கிறதுல ‘சி’யே இல்லையே சார். அது எங்கருந்து வந்துச்சு?”

அந்த ‘சி’ ஓர் அச்சுக்கூடத் தவறு. ஸ்காட்லாந்தில் பழைய கையெழுத்தில் ‘யோக்’ என்று ஓர் எழுத்து இருந்தது. பார்க்க நம் 3 மாதிரி, கீழே வாலை இழுத்துவிட்டிருக்கும். ‘ந’ ஒலிக்குப் பின்னால் அது வந்தால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய நம் ‘ஞ’வாக ஒலிக்கும். அந்த ஞவுக்காகத்தான் இந்தப் பெயரில் அதைப் போட்டார்கள். பிறகு அச்சு வந்தது. அச்செழுத்துப் பெட்டியில் யோக் இல்லை. இருப்பவற்றில் அதன் சாயலில் இருந்தது ஆங்கிலத்தின் கடைசி எழுத்தான ‘இசட்’. அதை எடுத்து வைத்துவிட்டார்கள். வாசித்துப் பழகியவர்கள் கொஞ்ச காலம் ஞ என்றே சொல்லி வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் எழுத்தைப் பார்த்து அப்படியே உச்சரித்தார்கள். மெக்கன்சி பிறந்தது.

நமக்கு இது புரியாத விஷயமே அல்ல. நம் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்து இல்லை. இரண்டு எழுத்தைச் சேர்த்து ஏதோ ஒப்பேற்றினோம். விளைவு, டெல்லியில் செய்தி வாசிப்பவர் கனிமொழியைக் ‘கனிமொஜி’ என்கிறார். அழகருக்கும் அதே கதிதான், ஸ்காட்லாந்து அழகருக்கும் அதே கதிதான், இரண்டுக்கும் காரணம் அதே கடைசி எழுத்து. அங்கே இன்னும் சில பெயர்கள் இந்தத் தவறுக்குத் தப்பி நிற்கின்றன. மென்சிஸ் என்று எழுதிவிட்டுப் பழைய ஆட்கள் ‘மிங்கிஸ்’ என்பார்கள். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ராபர்ட் மென்சிஸுக்கு அதனால்தான் ‘மிங்’ என்று பட்டப்பெயர். எங்கள் டீ மாஸ்டர், பேச்சைக் கேட்டுக்கொண்டே, “அப்ப மெக்கஞ்சின்னு சொன்னாத்தான் சரிங்கிறீக” என்றார். சிரித்தோம். ஆனால் லண்டன்காரர் சொல்வதைவிட அவர் சொன்னது பழைய உச்சரிப்புக்குக் கிட்டத்தில்தான் இருந்தது.

இப்போது பெரியவர் கொடுத்த தீர்ப்புக்கு வருவோம். ஒரே குடும்பப் பெயர் என்றால் ஒரே ரத்தம். எல்லோரும் நினைப்பது இதைத்தான், ஸ்காட்லாந்துக்காரர்களே பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நமக்கு இன்னும் சுலபமாக அப்படித் தோன்றும். நம் ஊரில் ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளி, அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டோம். குலம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனசு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அவர்களுடைய ‘கிளான்’ என்ற சொல்லும் கேலிக்கில் ‘பிள்ளைகள்’ என்றுதான் பொருள்படும். அப்புறம் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஆனால் மெக்கன்சி மெக்கன்சியைக் கட்டலாம். தாராளமாகக் கட்டினார்கள். தடையே கிடையாது. முதல் தடயம் அது.

ஆரம்பத்தில் மக் என்பது நம் இனிஷியல் மாதிரி. கென்னத்தின் மகன் மர்டோ என்றால் அவன் மக் கென்னத். மர்டோவின் மகன் மக் மர்டோ. தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பிறகு ஏதோ ஒரு தலைமுறையில் பெயர் உறைந்துவிட்டது. தலைவன் வீட்டில் முதலில் உறைந்தது, ஏனென்றால் நிலப் பத்திரத்துக்கு நிலையான பெயர் வேண்டும். கின்டெயில் என்ற மேற்குக் கரைச் சீமையில், ஐலன் டோனன் என்னும் தீவுக்கோட்டையை வைத்து மேலே வந்த குடும்பம் மெக்கன்சி குடும்பம். அந்தச் சீமையில் உழுதவனும் மாடு மேய்த்தவனும் மீன் பிடித்தவனும் வெறும் அப்பா பெயரோடுதான் இருந்தார்கள். பின்னால் வாடகைக் கணக்கு, சர்ச் பதிவேடு, பட்டாளத்துப் பட்டியல் என்று வந்து “குடும்பப் பெயர் என்ன?” என்று கேட்டபோது, பலர் நில உடைமைக்காரனின் பெயரைச் சொன்னார்கள். ‘நான் மெக்கன்சி ஆள்’ என்பது ‘நான் மெக்கன்சி’ ஆயிற்று. பாதுகாப்பும் அதில்தான் இருந்தது.

நான் கையைக் காட்டினேன். எதிரே ஒரு வியாபாரி வாங்கின ஆடுகளை லோடு வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி முதுகில் நீலப் பெயிண்ட் இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு சிரட்டையில் பெயிண்ட், ஒரு குச்சியில் துணி. ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு கோடு. வெள்ளாடு, கொடியாடு, கிடா, மறி எல்லாவற்றுக்கும் அதே நீலம். “தம்பி, நீலக்கோடு போட்டதெல்லாம் ஒரு தாய் ஈன்றதா?” என்று கேட்டேன். “இல்ல சார், பத்து ஊரு ஆடு. வாங்குனவர் ஒருத்தர்.” பிறகு அவனே “ஓ” என்றான்.

எல்லா ஆட்டுக்கும் பூசினார்கள் என்றும் சொல்ல முடியாது. மக்ரே என்று ஒரு கூட்டம். மெக்கன்சிகளின் உடம்புக் கவசம் என்றே அவர்களுக்குப் பெயர், அவ்வளவு நெருக்கம். ஐலன் டோனன் கோட்டையைக் காத்தவர்களும் அவர்கள்தான். ஆனால் கடைசி வரை மக்ரே என்றே இருந்தார்கள்.

ஒரு பெயிண்டின் மேல் இன்னொரு பெயிண்ட் ஏறிய கதையும் உண்டு. மக்கிரகர் என்று ஒரு குலம். அவர்கள் மேல் கோபம் கொண்ட அரசு 1603-ல் அந்தப் பெயரையே தடை செய்தது. மக்கிரகர் என்று சொல்லிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஆட்கள் கேம்பல், டிரம்மண்ட், மர்ரே என்று கிடைத்த பெயருக்குள் ஒளிந்துகொண்டார்கள். சினிமாவில் வந்த ராப் ராய் மக்கிரகர்கூடக் கேம்பல் என்று கையெழுத்துப் போட்டவர்தான். நடுவில் ஒரு முறை தளர்ந்து, மறுபடி இறுகி, 1774-ல்தான் அந்தச் சட்டம் முழுவதுமாகப் போனது. அதற்குள் நாலைந்து தலைமுறை ஓடிவிட்டது. சிலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. இன்று ஒரு கேம்பல் உங்கள் எதிரே வந்து நின்றால், அவர் உள்ளே மக்கிரகராக இருக்கலாம்.

பெரிய வீடுகளிலும் இது நடந்தது. அதற்குச் சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. கூவம் கடலைத் தொடும் இடத்தில் நேப்பியர் பாலம். 1869-ல் கவர்னர் நேப்பியர் பிரபு காலத்தில் கட்டியது. லாகரிதம் என்கிற மடக்கைக் கணக்கை 1614-ல் உலகத்துக்குக் கொடுத்த ஜான் நேப்பியரின் வம்சம் அவர் என்பார்கள். சரிதான், ஆனால் நேர் ஆண் வழி அல்ல. இடையில் பிரபு பட்டம் பெண் வழியாக இறங்கியது. ஸ்காட் என்ற குடும்பப் பெயரோடு பிறந்த பேரன், பாட்டி வீட்டுப் பட்டத்துக்காகப் பெயரை நேப்பியர் என்று மாற்றிக்கொண்டார். நம் கணக்கில் பார்த்தால் அந்தப் பாலத்துக்கு ஸ்காட் பாலம் என்றுதான் பெயர் வைத்திருக்க வேண்டும்.

இந்த நேப்பியர் வீடுதான் நம் மெக்கன்சியை மதுரைக்குக் கொண்டுவந்து விட்டது. காலின் மெக்கன்சி 1754 வாக்கில் லூயிஸ் தீவில் ஸ்டோர்னவே என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அங்கே சுங்க வேலை பார்த்தார். இளமையிலேயே கணக்கில் பித்து. ஜான் நேப்பியரின் வாழ்க்கையை எழுத நினைத்த அந்தக் காலத்து நேப்பியர் பிரபு, இந்தியர்களின் பழைய கணித முறைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள இவருடைய உதவியை நாடினார். 1783 செப்டம்பரில் மெக்கன்சி சென்னையில் இறங்கினார். பிரபு குடும்பத்தில் பிறந்த ஹெஸ்டர் என்ற பெண், கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனோடு மதுரையில் இருந்தார். அவர் அழைத்து, மெக்கன்சி மதுரைக்குப் போய் அங்கிருந்த பண்டிதர்களைச் சந்தித்தார். ஊர் ஊராகச் சுவடி தேடும் எண்ணம் முளைத்தது அங்கேதான். வந்த புதிதில் கோயம்புத்தூர், திண்டுக்கல் சீமைகளிலும் வேலை செய்திருக்கிறார். அழகர் கோயில் இருக்கும் சீமைக்கு வந்து இறங்கிய அழகர் மகன். தன் பெயரின் அர்த்தத்தை யாராவது பண்டிதரிடம் அவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஸ்டோர்னவேயில் மெக்கன்சிகள் எப்படி வந்தார்கள் என்பதும் ஒரு கதை. லூயிஸ் தீவு முன்பு மக்லவுட் குலத்துக்குச் சொந்தம். மக்லவுட் என்றால் ‘லோட் மகன்’. லோட் என்பது வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழிப் பெயர். அந்த மொழியில் அதற்கு அவலட்சணம் என்று பொருள் சொல்வார்கள். கண்பட்டுவிடக் கூடாதென்று குப்பன், பிச்சை என்று பெயர் வைப்போமே, அந்த மாதிரி இருக்குமோ என்று எனக்கு ஓர் எண்ணம். மக்லவுட்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு வீணாய்ப்போக, 1610-ல் தீவு மெக்கன்சி கைக்கு வந்தது. அழகன் மகன் அவலட்சணத்தின் மகனை வெளியேற்றிவிட்டான். இதில் வேடிக்கை, அந்த இரண்டு பெயரும் திண்டுக்கல்லில் மறுபடி வந்து சேர்ந்தன. 1790-ல் திப்பு வசமிருந்த திண்டுக்கல்லைக் கும்பினி பிடித்தபோது, இந்தச் சீமைக்கு முதல் கலெக்டராக வந்தவர் பெயர் அலெக்சாண்டர் மக்லவுட்.

காலின் மெக்கன்சியின் பெரிய வேலை அதற்குப் பிறகுதான். மைசூர் சர்வே, 1810-ல் சென்னை மாகாணத்துக்கு சர்வேயர் ஜெனரல், 1815-ல் இந்தியா முழுவதுக்கும் முதல் சர்வேயர் ஜெனரல். நிலத்தை அளந்துகொண்டே கதைகளையும் சேர்த்தார். காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா போன்றவர்கள் இல்லாவிட்டால் அந்த வேலை நடந்தே இருக்காது. 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். சுவடிகளில் ஒரு பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அதில் பாளையப்பட்டு வம்சாவளிகள் என்று ஒரு தொகுதி. ‘எங்கள் மூதாதை இன்ன ராஜா முன்னால் இன்ன வீரம் காட்டினார், ராஜா மெச்சி இந்தச் சீமையையும் இந்தப் பட்டத்தையும் கொடுத்தார்’ என்று ஒவ்வொரு பாளையக்காரர் வீடும் சொன்னதை எழுதி வாங்கியது.

இதைப் படித்து நாம் லேசாகப் புன்னகைக்கலாம். மெக்கன்சியும் புன்னகைத்திருக்கலாம். ஆனால் அவர் சொந்தக் குலத் தலைவர்கள் சொல்லிவந்த வம்சாவளி என்ன தெரியுமா? அயர்லாந்திலிருந்து வந்த காலின் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற வீரன் 1263-ல் லார்க்ஸ் போரில் மூன்றாம் அலெக்சாண்டர் ராஜாவுக்காகச் சண்டையிட்டானாம். ராஜா மெச்சிக் கின்டெயில் சீமையைக் கொடுத்தாராம். வேட்டையில் ராஜா மேல் பாய்ந்த கலைமானைக் கொன்று அவர் உயிரைக் காத்தானாம், அதனால்தான் குலச் சின்னத்தில் மான் தலை. புலியைக் குத்தி ஹொய்சளர் ஆன சளனின் கதையும் இதுவும் ஒரே அச்சு. 1786-ல் குலத் தலைவர், பெஞ்சமின் வெஸ்ட் என்ற பெரிய ஓவியரைப் பிடித்து, அந்த மான் வேட்டையைச் சுவரை அடைக்கிற அளவில் வரைந்து வாங்கினார். எடின்பரோவில் இன்றும் இருக்கிறது. வரலாற்று ஆய்வாளர்கள் இந்தக் கதையை ஒப்புக்கொள்வதில்லை. மெக்கன்சி வீடு அந்த மண்ணின் கேலிக் வீடுதான், அயர்லாந்து வீரன் பின்னால் ஒட்டவைத்தது என்கிறார்கள். பட்டயம் காட்டினார்கள், அதுவும் நிற்கவில்லை. நம் கண்ணிவாடிப் பாளையத்துக்கும் கின்டெயிலுக்கும் நடுவே கடல்தான் இருக்கிறது, பழக்கத்தில் வித்தியாசமில்லை.

டீ ஆறிவிட்டது. “அப்ப அண்ணன் மேனேஜர்?” என்றான் தம்பி, விடாமல். கனடாவில் மெக்கன்சிக்குப் பஞ்சமே இல்லை. அங்கே ஓர் ஆற்றுக்கே அந்தப் பெயர். அதன் வழியே 1789-ல் வடகடல் வரை போன அலெக்சாண்டர் மெக்கன்சி, அதே ஸ்டோர்னவேக்காரர். ஒருவர் தெற்கே நம்மை அளந்துகொண்டிருந்தபோது மற்றவர் வடக்கே பனியை அளந்துகொண்டிருந்தார். ஒரே ஊர், ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே காலம். அவர்களைக்கூடப் பெயரை மட்டும் வைத்து அண்ணன் தம்பி என்று சொல்லிவிடக் கூடாது என்றேன். உன் அண்ணன் மேனேஜருடைய முப்பாட்டனுக்கு முப்பாட்டன் கின்டெயில் தலைவனாக இருக்கலாம், அவன் மாட்டை மேய்த்தவனாகவும் இருக்கலாம். மேய்த்தவர்களே எண்ணிக்கையில் அதிகம்.

அவன் சிரித்துவிட்டு, “நமக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்ல சார். ஒரு இனிஷியலோட முடிஞ்சுது” என்றான்.

அங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்தினேன். அவன் அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டம் வந்திருக்கும். இனிஷியலை விரித்து முருகேசன் என்று எழுதியிருப்பான். கனடாவில் அலுவலகம், பாங்க், ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் இப்போது அவன் மிஸ்டர் முருகேசன். “அண்ணனுக்குப் போன மாசம் பொண்ணு பிறந்துச்சே, பேரு எப்படிப் பதிஞ்சாங்க?” என்று கேட்டேன்.

தம்பி யோசித்தான். “அவளுக்கும் முருகேசன்தான் சார். அங்க அப்படித்தான் கேட்டாங்களாம்.”

அவளுக்கு அப்பா முருகேசன் இல்லை. தாத்தா. அவள் பிள்ளைக்கும் அந்தப் பெயர் போனால், அதற்குப் பிறகு முருகேசன் யார் என்று கேட்பவர்களுக்கு யாராவது ஒரு மான் வேட்டைக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

தம்பி புத்தகத்தை மூடிவிட்டுச் சந்தைக்குள் பார்த்தான். அங்கே அவன் அப்பா, தோள் துண்டை வியாபாரி கையின் மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து ஒரு கிடாவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். வியாபாரி தலையை ஆட்டினார். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கிடாவின் கயிற்றைப் பிடித்தபடி அடுத்த ஆளைப் பார்த்து நடந்தார்.